கோரை, பார்த்தீனியம், முள் கன்று: வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்காமல் வழி இருக்கிறதா?

செம்மண்வீடு (பெருந்துறை)

வணக்கம். பெருந்துறைக்குப் பக்கத்தில் எட்டு சென்ட் இடத்தில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீடு போக மிச்ச இடம் பள்ளமாக இருந்ததால் வெளியிலிருந்து செம்மண் லோடு அடித்து மேடாக்கினோம். கோடையில் புல் பூண்டு எதுவும் இல்லை. புரட்டாசியில் நல்ல மழை இறங்கியதும் தரையே கண்ணுக்குத் தெரியவில்லை. கோரை, அருகு, பார்த்தீனியம் மூன்றும் எனக்கு அடையாளம் தெரியும். தெற்கு வேலியோரம் முள் கன்று நிறைய முளைத்திருக்கிறது, சீமைக்கருவேலமாக இருக்கலாம். பெயர் தெரியாதவையும் உண்டு. ஒன்று தரையோடு படர்கிறது, சிவந்த தண்டு, சதைப்பற்றான இலை. இன்னொன்று இடுப்பளவு நிமிர்ந்து உச்சியில் வெள்ளையும் ரோஸும் கலந்த கதிர் விட்டிருக்கிறது.

வாழை, முருங்கை, கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். ரெண்டு பாத்தியில் கத்தரியும் தக்காளியும் நிற்கின்றன. கடையில் கேட்டால் ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, "அடிச்சு விடுங்க, வேரோட போயிரும்" என்கிறார்கள். வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது, நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. மனசு ஒப்பவில்லை. உப்பு, வினிகர், சோப்புத்தூள் கலந்து ஊற்றச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊத்துக்குளி அம்மிணி

கதிர் விட்டு நிற்பது பண்ணைக்கீரைங்க தம்பி. சோளக்காட்டில் களையெடுக்கப் போகிறவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்து சாயங்காலம் கடைவார்களே, அதுதான். கதிர் வருவதற்கு முன்னால் கொழுந்தாகக் கிள்ளியிருந்தால் உங்கள் வீட்டுக்கு நாலு வேளைக் கீரை. இப்போது முற்றிவிட்டது. கதிரைக் கையில் தேய்த்துப் பாருங்கள், கறுப்பாக மினுமினுவென்று பொடி விதை கொட்டும். கொட்டவிடாமல் கதிரோடு அறுத்து ஒரு சாக்கில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் தோட்டம் முழுக்க அதுதான்.

தரையோடு படர்வது இரண்டில் ஒன்று. பூ மஞ்சளாக, காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கினால் பருப்புக்கீரை. இலை எதிரெதிர் ஜோடியாக, ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருந்து, இலை இடுக்கில் வெளிர்ரோஸ் பூ ஒளிந்திருந்தால் சாரணை. பருப்புக்கீரையைப் பிடுங்கி ஈரத்திலேயே போட்டுவிட்டுப் போனால் கிடந்த இடத்திலேயே வேர்விட்டு எழுந்துகொள்ளும். பிடுங்கியதைச் சிமெண்ட் தரையில் காயப் போடுங்கள், அல்லது பருப்போடு வேகப் போடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் அளவாகச் சாப்பிடணும்.

சுக்கட்டி (மணத்தக்காளிதான்), கீழாநெல்லி, முடக்கத்தான், குப்பைமேனி எல்லாம் இந்த மழைக்குத் தானாக முளைக்கும். எல்லாவற்றையும் களை என்று சொல்லிச் செதுக்கித் தள்ளாதீர்கள். ஒரு மூலையில் விட்டுவைத்தால் கைவைத்தியத்துக்கு ஆகும். மருந்தடித்த இடத்திலும், சாக்கடை ஓரத்திலும் மட்டும் கீரை பறிக்கக்கூடாது.

வேளாண் பட்டதாரி (கோவை)

அம்மிணி அக்கா சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். எந்தச் செடி எப்படிப் பெருகுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். பண்ணைக்கீரை, சாரணை, பார்த்தீனியம் மூன்றும் விதையால் மட்டும் வருபவை. பூக்குமுன் எடுத்தால் கதை முடிந்தது. கோரையும் அருகும் அப்படியல்ல, அவை மண்ணுக்குள் உயிரை வைத்திருக்கின்றன.

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், புல்லுக்கு அப்படி இருக்காது. ஈரமண்ணில் ஒரு செடியை மெதுவாக மண்வெட்டியால் கெல்லி எடுத்து, மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பாருங்கள். தழைக்கு அடியில் ஒரு தடித்த குமிழ் இருக்கும். அதிலிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு ஓடி, கறுத்த ஒரு கிழங்கில் முடியும். அங்கிருந்து அடுத்த கிழங்கு, அப்புறம் அடுத்தது. பெரும்பாலான கிழங்குகள் மேல் அரையடிக்குள் இருக்கும், சில ஒரு அடிக்கும் கீழே போகும். கையால் பிடித்து இழுக்கும்போது குமிழோடு அறுந்து வருகிறது, கிழங்குச் சங்கிலி அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது.

ஒவ்வொரு கிழங்கிலும் பல முளைக்கண் உண்டு. நுனியில் இருப்பது முளைத்தால் மற்றவை தூங்கும். பவர் வீடர் (களையெடுக்கிற சின்ன உழவு இயந்திரம்) விட்டு உழுதால் சங்கிலி அறுந்து தூங்கியதெல்லாம் எழுந்துவிடும். "உழுத பிறகுதான் கோரை அதிகமானது" என்று பலர் சொல்வது இதனால்தான்.

வழி இரண்டு. தலை தெரிந்ததும் எடுப்பது முதல் வழி. முளைத்த மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும், அதற்குமுன், பதினைந்து நாளுக்கு ஒருமுறை களைக்கொத்தால் அடிக்குமிழோடு எடுத்துக்கொண்டே வந்தால் கிழங்கு தன் இருப்பைச் செலவழித்துச் செலவழித்துச் சோர்ந்துபோகும். ஒரு மழைக்காலம் விடாமல் செய்யணும். நடுவில் ஒரு மாதம் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

இரண்டாவது வழி கோடைக்கு. கோரைக்கிழங்குக்கு வெள்ளம் தாங்கும், வறட்சி தாங்காது. மேலே கொண்டுவந்து வெயிலில் போட்டு, சுருங்கி வற்றிவிட்டால் செத்தது. சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னதில் இதுவும் ஒரு காரணம். எட்டு சென்டில் வீடு போக இருக்கும் இடத்துக்கு டிராக்டர் வேண்டாம். கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு அடி ஆழம் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டு, தண்ணீர் காட்டாமல் காயவிடுங்கள். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் மட்டும் போட வேண்டாம், எரு போகிற இடமெல்லாம் கோரை போகும்.

அன்னூர் தோட்டம்

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக ஒரே ஒருமுறை களைக்கொல்லி அடித்துச் சுத்தம் செய்துவிட்டு, அதற்கப்புறம் இயற்கை வழிக்குப் போகலாமே? ஆள் கூலி விற்கிற விலையில் எல்லோராலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொத்த முடியுமா?

கோபி மஞ்சக்காடு

நான் களைக்கொல்லி பயன்படுத்துகிறவன், அதனால் இதற்கு நானே பதில் சொல்கிறேன். மஞ்சளும் கரும்பும் ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவனுக்கு ஆள் கிடைக்காத காலத்தில் வேறு வழி குறைவு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி நாலு சென்டுக்கு அது வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

முதல் விஷயம், கோரைக்கு ஒரு அடி போதாது. மருந்து பச்சைத் தழை வழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும். தழையே விடாமல் மண்ணுக்குள் தூங்குகிற கிழங்குக்கு அது போய்ச் சேராது. மேலே கருகிப் பத்துப் பதினைந்து நாள் சுத்தமாகத் தெரியும், அப்புறம் தூங்கியது எழுந்து வரும். "வேரோட போயிரும்" என்று கடையில் சொல்வது பாதி உண்மைதான்.

இரண்டாவது, கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி. இதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் சேர்த்தது. அதில் நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தவழுகிற குழந்தை இருக்கிற வாசலில் நாம் ஏன் அந்த வழக்கைத் தீர்க்க வேண்டும்? பாராகுவாட் என்கிற இன்னொரு களைக்கொல்லி இன்னும் மோசம், குடித்துவிட்டால் மாற்று மருந்தே கிடையாது. அதை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து.

மூன்றாவது காற்று. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முதல் ஆடி வரை கைத்தெளிப்பானில் அடிக்கிற மருந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாது. 2,4-டி என்கிற மருந்தின் சாரல் பட்டாலே தக்காளி இலை சுருண்டு, நரம்பு நீண்டு, நார் நாராகப் போய்விடும். பருத்திக்கும் அதே கதி. உங்கள் கத்தரி தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் அடித்தால் களையோடு அதுவும் போகும். வாழைக் கன்றின் பச்சைத் தண்டிலும் பப்பாளியின் இளந்தண்டிலும் பட்டால் உள்ளே இறங்கும்.

கூலிக்குக் கஷ்டம் என்பது உண்மை. அதற்குப் பதில் இடத்தைச் சின்னதாகப் பிரிப்பது. பயிர் செய்கிற பாத்தியை மட்டும் கொத்துங்கள், மிச்சத்தை மூடாக்குப் போட்டு மூடுங்கள். மூடாக்கு பற்றிப் பொள்ளாச்சிக்காரர்கள் யாராவது சொல்வார்கள்.

சிங்காநல்லூர் மாடித்தோட்டம்

உப்புக் கரைசல் பற்றி யாரும் பேசவில்லையே. பார்த்தீனியத்துக்கு அதை வேளாண் துறையினரே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஊத்துக்குளி அம்மிணி

சொன்னது உண்மைதான் கண்ணு. ஒரு லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை சமையல் உப்பைக் கரைத்துப் பூக்குமுன் தெளித்தால் பார்த்தீனியம் கருகும். ஆனால் அது ரோட்டோரம், ரயில் தண்டவாள ஓரம், பயிர் செய்யாத பொட்டல் இடத்துக்குச் சொன்ன யோசனை. தோட்டத்து மண்ணில் உப்பு எங்கேயும் போகாது, அங்கேயே இருக்கும். நம் ஊர் போர் தண்ணீரே உப்பு. வாளியில் பிடித்து வைத்தால் வெள்ளையாகப் படிகிறது, அதைத்தான் தினமும் செடிக்கு ஊற்றுகிறோம். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் சாயத் தண்ணீரால் உப்பேறிப்போன காடுகளை எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதைப் பார்த்த யாரும் தன் கையால் தோட்டத்தில் உப்பைக் கொட்ட மாட்டார்கள். காம்பவுண்டுக்கு வெளியே கல் பாவிய இடுக்கில் வேண்டுமானால் பரவாயில்லை.

வேளாண் பட்டதாரி (கோவை)

அப்படியே வழிமொழிகிறேன். வினிகரும் அதே ரகம்தான். சமையலறை வினிகரில் அமிலம் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்குதான். மூன்று இலை விட்ட சின்ன நாற்று கருகும், கோரையும் அருகும் மேல்தழை மட்டும் கருகித் திரும்ப வரும். சோப்புத்தூள் எதற்கும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் நடைபாதை இடுக்குக்கு நல்லது, செலவும் இல்லை.

பார்த்தீனியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் இதை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமையோடு பரவியது என்பது பரவலாகச் சொல்லப்படுகிற காரணம். ஒரே செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை தரும். முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். விதை காற்றிலும் தண்ணீரிலும் வண்டிச் சக்கரத்து மண்ணிலும் போகும். ஆழமாகப் புதைந்தால் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மகரந்தம் மூச்சுத்திணறலைக் கிளப்பும். தழை பட்டுப் பட்டு ஒரு நாள் தோல் தடித்து அரிக்க ஆரம்பித்தால், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அரிக்கும், வருஷம் ஆக ஆக மோசமாகும். மாடு தெரியாமல் தின்றால் பால் கசக்கும்.

மழை பெய்து மண் பதமாக இருக்கிற மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பூ வருமுன், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆணிவேரோடு பிடுங்குங்கள். தரையோடு அறுக்காதீர்கள், அறுத்த இடத்திலிருந்து நாலு கிளை வந்து முன்னைவிடச் சீக்கிரம் பூக்கும். பூக்காததை எருக்குழியில் போடலாம், நல்ல தழைச்சத்து. பூத்ததைப் போடவே கூடாது. வீட்டுக் குழியில் விதையைச் சாகடிக்கிற அளவுக்குச் சூடு எல்லா இடத்திலும் வராது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே போக வேண்டாம்.

காங்கேயம் கொறங்காடு

முள் கன்றைப் பற்றி. வெட்டுவதற்கு முன்னால் அது சீமைக்கருவேலம்தானா என்று பாருங்கள் தம்பி. எங்கள் பக்கம் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வெள்வேலம் நிற்கும், கீழே கொழுக்கட்டைப்புல், சுற்றிலும் கிளுவை வேலி. அந்த வெள்வேலங் கன்றும் சின்னதாக இருக்கும்போது முள்ளும் பொடி இலையுமாக இதே சாயலில் இருக்கும். இலையைக் கவனியுங்கள். சீமைக்கருவேலத்தில் காம்பு பெரும்பாலும் கவட்டை மாதிரி ரெண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் நீளமான சிற்றிலை இருக்கும். வெள்வேலத்தில் ஒரே காம்பில் பல ஜோடிக் கிளைக்காம்பு, சிற்றிலை ரொம்பப் பொடிசு. வெள்வேலமாக இருந்தால் வேலியோரம் ஒன்றை விட்டுவையுங்கள். நெற்று ஆட்டுக்குத் தீனி, பூ தேனீக்கு.

சீமைக்கருவேலமாக இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரு முழ உயரத்துக்குள் இருக்கும்போது, மழை ஈரத்தில், ஆணிவேரோடு கையில் வரும். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை, மூன்று வருஷம் விட்டால் ஜேசிபி. தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்கிற காரியம். அதற்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு வரும். மண்ணுக்குக் கீழே வேரும் தண்டும் சேருகிற தடித்த பகுதியிலிருந்துதான் துளிர்க்கிறது, அதைத் தோண்டி எடுத்துவிட்டால் போதும், கீழே எவ்வளவு வேர் கிடந்தாலும் திரும்ப வராது.

எப்படி வந்தது என்று கேட்டால், ஆட்டெரு. ஆடு நெற்றைத் தின்னும், விதை ஜீரணமாகாமல் புழுக்கையோடு வரும், முளைப்பதற்கு அது இன்னும் வசதி. எரு வாங்கினால் ஈரம் காட்டி மூடிவைத்து மட்கவிட்டுப் போடுங்கள். உங்களுக்குச் செம்மண் லோடிலேயே எல்லாம் சேர்ந்து வந்திருக்கும் போலத் தெரிகிறது. மண் வாங்கப் போகும்போது எடுக்கிற இடத்தை நேரில் பார்க்கணும். மேல்மண்ணில் கோரை நிற்கிற இடத்திலிருந்து மண் எடுத்தால், காசு கொடுத்துக் கோரைக்கிழங்கு வாங்கியதாக ஆகிறது.

அந்த வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுவிடுங்களேன். தை மாசிக்குள் நட்டால் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த வேலி இருந்தால் ரோட்டிலிருந்து காற்றில் வருகிற பார்த்தீனிய விதையும் ஓரளவு அங்கேயே நிற்கும்.

பொள்ளாச்சி நிழல்

கூப்பிட்டதால் வந்தேன். மூடாக்குதான் என் தோட்டத்தில் பாதி வேலையைப் பார்க்கிறது. களை விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், அதை மறைத்தால் பெரும்பாலானவை முளைப்பதே இல்லை. எங்கள் பக்கம் தென்னை மட்டையும் உரிமட்டையும் கிடைக்கும். உங்கள் ஈரோட்டுப் பக்கம் அறுவடை சமயத்தில் மஞ்சள் தழை, கரும்புச் சோகை, கடலைத்தோல். எது மலிவோ அதைப் போடுங்கள். கால் அடிக் கனத்துக்குக் குறைந்தால் பிரயோஜனம் இல்லை. மக்கி இறங்க இறங்க மேலே சேர்த்துக்கொண்டே இருக்கணும். தென்னை நார்க்கழிவைப் பச்சையாக மண்ணில் கலக்காதீர்கள், அது மட்குவதற்காக மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும். மக்கிய நார்க்கழிவு என்று விற்பார்கள், அதுதான் நல்லது.

பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் பாய்ச்சுகிற பழக்கத்தை விட்டுவிட்டுச் சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். செடியின் தூரில் மட்டும் ஈரம் இருந்தால் நடுவில் களைக்குத் தண்ணீர் ஏது?

அன்னூர் தோட்டம்

கோரை மூடாக்கைக் குத்திக்கொண்டு வருகிறதே! கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டையே ஓட்டை போட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் சோகைக்குள் தேளும் பாம்பும் வந்து படுக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் யோசிக்க வேண்டாமா?

பொள்ளாச்சி நிழல்

இரண்டும் நியாயமான கேள்வி. கோரையின் முளை ஊசி மாதிரி கூர்மை, எந்த மூடாக்கையும் குத்தும். ஆனால் அதற்கு நிழல் ஆகாது. மூடாக்குக்கு மேலே எட்டிப்பார்க்கிற ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டே, நடுவில் அடர்ந்து படர்கிற பயிர் ஒன்றைப் போடுங்கள். என் அனுபவத்தில் சர்க்கரைவள்ளிக் கொடிக்கு நிகர் இல்லை. தட்டைப்பயறும் நன்றாக மூடும். வெறும் தரையில் கோரையோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்கு நிழல் போடுவது சுலபம்.

பாம்பு தேள் விஷயம் உண்மை. வீட்டுச் சுவரிலிருந்து ரெண்டு மூன்று அடி சுத்தமாக விட்டுவிடுங்கள், குழந்தை விளையாடுகிற வாசலில் மூடாக்கே வேண்டாம். மட்டையை முழுசாக அடுக்கினால் கீழே பொந்து விழும், நறுக்கிப் போட்டால் படியும். மரத்தூரை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும், ஒரு சாண் இடம் விடுங்கள். களை பிடுங்கும்போது கையை உள்ளே விடாமல் முதலில் கொத்தால் தட்டிப் பாருங்கள்.

நாமக்கல் மரவள்ளி

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். களை என்றால் இடத்தையும் எருவையும் தின்கிறது என்பது மட்டுமல்ல, பூச்சிக்கு வீடும் அதுதான். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது கோவையில்தான். அப்புறம் எங்கள் மரவள்ளியும், ஈரோட்டு, திருப்பூர்ப் பக்கத்து மல்பெரியும் பட்ட பாடு பெரும்பாடு. 2010-இல் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்த மாவுப்பூச்சி பயிர் இல்லாத காலத்தில் பார்த்தீனியத்திலும் துத்தியிலும் உட்கார்ந்திருந்தது. செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வந்தால், செம்பருத்தியைக் கழுவுவதோடு நிற்காமல் வேலியோரக் களையையும் திருப்பிப் பாருங்கள்.

செம்மண்வீடு (பெருந்துறை)

எல்லோருக்கும் நன்றி. முள் கன்றின் இலையைப் பார்த்தேன், கவட்டையாகத்தான் பிரிகிறது. நேற்று மழை ஈரத்தில் பெரும்பாலும் கையோடு வந்துவிட்டது. இன்னும் ரெண்டு கேள்வி. பக்கத்து மனை காலி, சொந்தக்காரர் வெளியூர், இடுப்பளவு பார்த்தீனியம் பூத்து வெள்ளையாக நிற்கிறது. நான் என் பக்கம் எவ்வளவு எடுத்தாலும் விதை வந்து விழும் அல்லவா? அடுத்தது, தையில் புதிதாகக் காய்கறி விதைக்க நினைக்கிறேன், அந்தப் பாத்தியை எப்படித் தயார் செய்வது?

கோபி மஞ்சக்காடு

காலி மனைக்கு முதலில் சொந்தக்காரரிடம் போன் செய்து அனுமதி வாங்குங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். பூத்து நிற்பதைப் பிடுங்கினால் விதை உதிரும், அதனால் உங்கள் வேலியை ஒட்டிய பத்தடி அகலத்தை மட்டும் காலை ஈரத்தில் எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். மிச்சத்துக்கு அடுத்த மழையில் நாற்றாக இருக்கும்போது தெருக்காரர்கள் சேர்ந்து இறங்கணும். தனி ஆளாக முடியாது. ஊராட்சியில் எழுத்தாக மனுவும் கொடுத்து வையுங்கள். சுத்தம் செய்த இடத்தை வெறுமனே விடாமல் தகரை, கொளுஞ்சி விதையை மழைக்குமுன் தூவிவிட்டால் அவை அடர்ந்து வந்து பார்த்தீனியத்தை அமுக்கும்.

வேளாண் பட்டதாரி (கோவை)

அந்தப் பார்த்தீனியத்தின் இலையில் வெள்ளை முதுகில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மெக்சிகன் வண்டு என்பார்கள். 1984-இல் பெங்களூரில் விட்டார்கள், இப்போது பல இடங்களில் தானாகவே இருக்கிறது. மழைக்காலம் முழுக்க இலையை மொட்டையடிக்கும், வறண்ட காலத்தில் மண்ணுக்குள் போய்த் தூங்கும். இருந்தால் அதை மருந்தடித்துக் கொல்லாதீர்கள். ரோட்டோரத்தில் நிறையத் தெரிந்தால் ஒரு டப்பாவில் பிடித்துவந்து காலி மனையில் விடலாம். அது மட்டுமே போதும் என்று சொல்லமாட்டேன், பூப்பது குறையும்.

தைப் பாத்திக்கு: மார்கழியிலேயே மண்ணைக் கொத்தி, எரு போட்டு, பாத்தி கட்டி, விதைக்காமல் தண்ணீர் மட்டும் காட்டுங்கள். பத்து நாளில் மேல்மண்ணில் இருக்கிற களை விதையெல்லாம் முளைத்து நிற்கும். ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் களைக்கொத்தால் மேலாகச் செதுக்கி வெயிலில் விடுங்கள். முடிந்தால் இன்னொரு முறை. அப்புறம் மண்ணை ஆழமாகக் கிளறாமல் விதையுங்கள். ஆழமாகக் கிளறினால் அடியில் கிடக்கிற புது விதை மேலே வந்துவிடும், செய்ததெல்லாம் போச்சு.

சித்திரையில் நிலம் காலியாக இருந்தால் மண்ணை நனைத்துக் கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன் விரித்து, ஓரத்தை மண்ணால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் விடலாம். ஓராண்டுக் களையின் விதை வெந்துவிடும். கோரைக்கு இதை நம்ப வேண்டாம். நம் ஊர் காற்றுக்கு ஓரம் நன்றாக அழுத்தாவிட்டால் ஷீட் கிழிந்துவிடும்.

சிங்காநல்லூர் மாடித்தோட்டம்

நர்சரியில் இருந்து நாமே காசு கொடுத்து வாங்கி வருவதையும் சொல்லணும். மஞ்சள் பூ வைத்துத் தரையை மூடுகிற வெடேலியா, தொட்டி தொட்டியாக விற்கிறார்கள். கணுவுக்குக் கணு வேர்விடும், வெட்டிப் போட்ட துண்டும் முளைக்கும், உலக அளவில் மோசமான ஆக்கிரமிப்புச் செடிகள் பட்டியலில் இருக்கிறது. கலர் கலராக உண்ணிச்செடி வாங்குகிறவர்களும் யோசிக்கணும். பழத்தைப் பறவை தின்று போய் எங்கோ போடும். முதுமலைப் பக்கம் காட்டின் அடித்தளத்தையே அது பிடித்துக்கொண்டு மானுக்கும் யானைக்கும் புல் இல்லாமல் செய்கிறது. தமிழக அரசே 2022-இல் ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. அரசு ஒரு பக்கம் எடுக்க, நாம் இன்னொரு பக்கம் நட்டுக்கொண்டிருந்தால் எப்படி? தரையை மூடத்தான் செடி வேண்டுமென்றால் வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ வையுங்கள், சட்டிக்கும் ஆகும்.

தாராபுரம் மருதாணி

இழையைத் திசைதிருப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் வேலி மருதாணியில் இலையே இல்லாமல் மஞ்சள் நூல் மாதிரி ஒரு கொடி சுற்றிக்கொண்டிருக்கிறது. பிய்த்துப் பிய்த்துப் போட்டாலும் வருகிறது.

வேளாண் பட்டதாரி (கோவை)

அம்மையார் கூந்தல் என்கிற ஒட்டுண்ணிக் கொடி அக்கா. மண்ணில் அதற்கு வேர் கிடையாது, மருதாணித் தண்டுக்குள் உறிஞ்சியை இறக்கிச் சாறு குடிக்கிறது. நூலை மட்டும் பிய்த்தால் உறிஞ்சி உள்ளேயே தங்கிவிடும், கீழே விழுந்த துண்டு வேறு செடியில் பட்டால் அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். அதனால் கொடி சுற்றிய மருதாணிக் கிளையையே, நூல் தெரிகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே, கத்தரியால் வெட்டுங்கள். கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு வெட்டினால் துண்டு சிதறாது. வெள்ளையாகப் பூவும் உருண்டைக் காயும் வருவதற்கு முன்னால் செய்யணும், விதை விழுந்தால் மண்ணில் பல வருஷம் கிடக்கும். வெட்டியதை நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். மருதாணி வெட்டத் தழைக்கிற செடி, பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருக்கிற செடியிலும் நூல் ஏறியிருந்தால் படம் போடுங்கள்.